வாக்குத்தத்த அட்டை எடுத்தாச்சு, அடுத்து கணக்கு நோட்டை எடுங்கள்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்து புது வருடத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை ஆளுக்கொன்று எடுப்போம் இல்லையா, எங்கள் வீட்டில் அதை பீரோ கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைக்கிற பழக்கம். பழைய அட்டைகளை எடுப்பதில்லை, அதன்மேலேயே புதுசு ஏறும். அப்படி ஏறியதில் எரேமியா 29:11 மட்டும் மூன்று தடவை வந்திருக்கிறது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." சேலத்தில் பாதி விசுவாசிகள் வீட்டுச் சுவரில் இந்த வசனம் தொங்கும்.

2020-இல் மார்ச் 24 ராத்திரி ஊரடங்கு அறிவித்த பிறகு பட்டறை பூட்டிக் கிடந்த நாட்களில்தான் அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து உட்கார்ந்து படித்தேன். அது ஒரு கடிதம். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பியது. பத்தாம் வசனத்தில் எழுபது வருஷம் ஆகும் என்று சொல்லியிருக்கிறது, அதாவது அந்தக் கடிதத்தை வாசித்துக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பி வரப்போவதில்லை. ஐந்தாம் வசனத்தில் வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் பலனைச் சாப்பிடுங்கள் என்று வேலை சொல்லியிருக்கிறது. வாக்குத்தத்தமும் வேலையும் ஒரே கடிதத்தில் ஒரே கையெழுத்தில் வந்தவை. நாம் பதினொன்றாம் வசனத்தை மட்டும் வெட்டி அட்டையில் போட்டுக்கொண்டோம்.

அந்த ஐந்தாம் வசனத்து வேலையை நம்மைப் போன்ற குடும்பங்கள் எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சேலத்தில் சிவதாபுரம் பக்கம் சின்னதாக வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவன், போதகன் இல்லை. செய்து பார்த்ததை, தப்பாகச் செய்து அடிபட்டதை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

முதலில் ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்வோம். இப்படிப் பேசினாலே "நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்கு வானத்திலிருந்து தினமும் கிடைத்த உணவு, அந்த மன்னாவைப் பாருங்கள். யாத்திராகமம் 16-இல், நாளைக்கு ஆகட்டும் என்று எடுத்து வைத்தவனுடைய மன்னா புழுத்து நாறிப்போனது. அதே மன்னா ஆறாம் நாளில் இரண்டு மடங்கு சேர்க்கப்பட்டு மறுநாளான ஓய்வுநாளுக்கு வைக்கப்பட்டபோது நாறவும் இல்லை, புழுக்கவும் இல்லை. பண்டம் ஒன்றுதான், எடுத்து வைத்த செய்கையும் ஒன்றுதான். ஒன்று பயத்தில் எடுத்து வைத்தது, மற்றது சொன்ன சொல்லைக் கேட்டு எடுத்து வைத்தது. ஆகவே சேர்த்து வைக்கலாமா கூடாதா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், எதற்காகச் சேர்க்கிறோம், யார் சொல்லிச் சேர்க்கிறோம் என்று கேட்டுக்கொண்டால் போதும். இன்னொன்றும் சொல்கிறேன், கொஞ்சம் உறைக்கும். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று நான் பல வருடம் சொன்னது விசுவாசத்தில் சொன்னது இல்லை. கணக்கு நோட்டைத் திறக்கப் பயந்துகொண்டு சொன்னது.

நோட்டு போடுவது

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். ஞாயிறு சாயங்காலம், சாப்பாட்டுக்கு முன்னால், வீட்டில் இருக்கிற எல்லோரும், பத்தாவது படிக்கிற பிள்ளை உட்பட, பாயில் உட்காருங்கள். டிவி, போன் இரண்டும் அணைந்திருக்கட்டும். ஒரு சின்ன ஜெபம். நீளமாக வேண்டாம், நீளமாக ஜெபித்துவிட்டு களைத்துப்போய் நோட்டைத் திறக்காமல் எழுந்துவிட்ட அனுபவம் உண்டு. அப்புறம் முதல் பக்கத்தில் நடுவில் ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் "எது மாறப்போகிறது என்று பயப்படுகிறேன்", வலப்பக்கம் "என் கையில் என்ன இருக்கிறது" என்று எழுதுங்கள்.

இடப்பக்கம் ஆளாளுக்கு மாறும். எனக்கு அது வெள்ளி விலை, கை வேலைக்குப் போட்டியாக வந்த மிஷின் சங்கிலி, என் கண் பார்வை. 2025-ஆம் வருடத்தில் வெள்ளி கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டி, வருடம் முடிவதற்குள் இரண்டு லட்சத்தையும் தாண்டிப் போனது. ஏறினால் எங்களுக்கு லாபம் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். வெள்ளி வியாபாரியுடையது, எங்களுக்குக் கூலி மட்டும்தான். விலை ஏறினால் நூறு கிராம் கொலுசு வாங்குகிறவர்கள் ஐம்பது கிராமுக்கு இறங்குவார்கள், எங்களுக்கு வருகிற எடை குறையும், கூலியும் அதோடு குறையும். என் மனைவி எழுதியது வேறு, "மாமியாருக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது." மகள் எழுதியது, "நான் படிக்கிற படிப்புக்கு வேலை இருக்குமா." இதை அவள் எங்களிடம் அதுவரை வாய் திறந்து சொன்னதே கிடையாது.

ஒரே ஒரு விதி, யார் என்ன எழுதினாலும் அன்றைக்குத் திட்டக்கூடாது. வலப்பக்கத்தைக் கடைசியில் நிரப்புங்கள், அதில் பணம் மட்டும் எழுதாதீர்கள். இரண்டாம் இராஜாக்கள் 4-இல் கடன்பட்டு நின்ற ஒரு விதவையிடம் எலிசா தீர்க்கதரிசி கேட்ட கேள்வியே "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது" என்பதுதான். அவள் முதலில் ஒன்றும் இல்லை என்கிறாள், அப்புறம்தான் ஒரு குடம் எண்ணெய் என்கிறாள். அந்த எண்ணெய்தான் பெருகி அவளைக் காப்பாற்றியது. தையல் மிஷின், ஓட்டுநர் உரிமம், கன்னடம் பேசத் தெரிவது, பிரியாணி நன்றாகச் செய்வது, இதெல்லாம் எண்ணெய்தான். எழுதுங்கள்.

கடன், அப்புறம் ஐந்தில் ஒரு பங்கு

யோசேப்பு கதையை நாம் ஆதியாகமம் 41-ஓடு நிறுத்திவிடுகிறோம். எகிப்து ராஜா பார்வோன் கனவில் ஏழு கொழுத்த பசுவையும் ஏழு மெலிந்த பசுவையும் கண்டார், யோசேப்பு அதற்கு அர்த்தம் சொன்னார். ஏழு வருடம் செழிப்பு, ஏழு வருடம் பஞ்சம், ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து வைத்தார், தேசம் பிழைத்தது. தயவுசெய்து 47-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். பஞ்சம் வந்ததும் எகிப்து ஜனங்கள் முதலில் பணத்தைக் கொடுத்துத் தானியம் வாங்கினார்கள். பணம் தீர்ந்தது. அப்புறம் ஆடுமாடு, குதிரை, கழுதையைக் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது. அடுத்த வருடம் வந்து "எங்கள் சரீரமும் நிலமும்தான் மீதி" என்று நின்றார்கள். நிலம் பார்வோனுடையதாயிற்று, அவர்கள் அடிமைகளானார்கள்.

அந்த வரிசையைப் பாருங்கள். முதலில் கையிருப்பு, பிறகு விற்கக்கூடிய உயிருள்ள சொத்து, பிறகு நிலம், கடைசியில் உடம்பு. நம் தெருவில் ஒரு குடும்பம் நொடிகிறபோதும் இதே வரிசைதான். ரொக்கம் போகும், அடுத்து மனைவியின் நகை, அடுத்து வீட்டுப் பத்திரம், கடைசியில் முன்பணம் வாங்கிக்கொண்டு யாருடைய பட்டறையிலோ வருடக்கணக்கில் கட்டுண்டு உட்காருவது. அந்த ஏழு வருடச் செழிப்பு எகிப்தில் எல்லோருடைய வயலிலும்தான் விளைந்தது. ஆனால் சேமிப்பு பார்வோனுடைய களஞ்சியத்தில் மட்டும் இருந்தது. உங்கள் ஐந்தில் ஒரு பங்கு உங்கள் வீட்டுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கடன் இருக்கிற வீட்டில் களஞ்சியம் ஓட்டைச் சாக்கு. அதனால் நோட்டின் இரண்டாம் பக்கம் கடனுக்கு. யாரிடம், அசல் எவ்வளவு மிச்சம், என்ன வட்டி, என்ன அடமானம், நாலு கட்டம் போட்டு எழுதுங்கள். மனைவிக்குத் தெரியாத கடன், கணவனுக்குத் தெரியாத குழுக்கடன், எல்லாம் அன்றைக்கு வெளியே வரட்டும். நம் ஊரில் "மூணு வட்டி" என்று சாதாரணமாகச் சொல்வோம், அது மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று. லட்ச ரூபாய்க்கு வருடத்தில் 36,000 ரூபாய் வட்டி மட்டுமே போகிறது, அசல் அப்படியே நிற்கும். பேங்கில் நகைக்கடன் என்றால் வருடத்துக்கே பத்து சதவீதத்தைச் சுற்றித்தான் இருக்கும். கையில் நகை இருந்தும் அதை பீரோவில் வைத்துவிட்டு வெளியே மூணு வட்டிக்கு வாங்குகிற வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன், நகையை அடகு வைத்தால் கௌரவம் போய்விடும் என்ற ஒரே காரணத்துக்காக. முதலில் தினமும் வசூலிக்கிற தண்டல், அப்புறம் நாளுக்கு நாள் ஏறுகிற மீட்டர் வட்டி, அப்புறம் மாத வட்டி, கடைசியில் பேங்க். இந்த வரிசையில் அடையுங்கள். எலிசாவும் அந்த விதவையிடம் எண்ணெயை விற்று முதலில் கடனைத் தீர்த்து, மீந்ததைக் கொண்டு பிள்ளைகளோடு ஜீவனம்பண்ணு என்றுதான் சொன்னார்.

ஜாமீன் கையெழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2014-இல் ஒருவருக்கு, நன்றாகப் பழகிய மனிதர், நான்கு லட்சத்துக்கு ஜாமீன் போட்டேன். மறுக்க முடியவில்லை, மறுத்தால் கிறிஸ்தவன் இல்லாத மாதிரி ஆகிவிடும் என்று ஒரு எண்ணம். எட்டே மாதத்தில் அவர் ஊரில் இல்லை. மூன்று வருடம் அவர் கடனை நான் கட்டினேன், அதில் 2016 நவம்பர் ரூபாய் நோட்டு மாற்றமும் 2017 ஜூலை ஜிஎஸ்டியும் சேர்ந்துகொண்டன. என் மனைவி சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தபோது ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்கு இன்றுவரை தொண்டையில் நிற்கிறது. நீதிமொழிகளில் பிணைப்படாதே என்று ஒரு இடத்தில் இல்லை, பல இடங்களில் இருக்கிறது. உதவ வேண்டும் என்றால் திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையைக் கையில் கொடுத்துவிடுங்கள். கையெழுத்து வேண்டாம். "எங்க வீட்ல ரெண்டு பேரும் சேர்ந்துதான் முடிவெடுப்போம், கேட்டுட்டுச் சொல்றேங்க" என்ற ஒரு வரியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், வாசலில் ஆள் வந்து நிற்கும்போது வேறு எதுவும் வாயில் வராது.

சரி, ஐந்தில் ஒரு பங்கு. மாதம் 18,000 வருகிற வீட்டில் 3,600 எடுத்து வை என்று சொன்னால் சிரிப்பார்கள். வேண்டாம், 300 ரூபாயில் ஆரம்பியுங்கள். தபால் ஆபீஸில் ஆர்டி, அதாவது மாதாமாதம் கட்டுகிற சேமிப்பு, மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம், ஐந்து வருடக் கணக்கு அது. அவசரத்துக்கு எடுக்க வேண்டிய பணத்துக்கு வேறு ஒரு பேங்க் கணக்கு, அதில் ஜிபே இணைக்காதீர்கள், ஏடிஎம் கார்டை வீட்டுப் பெரியவரிடம் கொடுத்துவிடுங்கள். அப்புறம் யோசேப்பு சேர்த்தது செழிப்பான வருடங்களில் என்பதை மறக்க வேண்டாம். எங்கள் தொழிலில் தீபாவளிக்கு முந்தின இரண்டு மாதமும், தை, வைகாசி முகூர்த்தங்களும்தான் செழிப்பு. அந்த மாதங்களில் ஐந்தில் ஒரு பங்கு தாராளமாக எடுக்க முடிகிறது, ஆடியில் ஒரு ரூபாயும் எடுக்க முடியாது. உங்கள் தொழிலில் எது கொழுத்த பசு, எது மெலிந்த பசு என்று மாதப் பெயரோடு எழுதி வையுங்கள்.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தசமபாகமாகச் சபைக்குக் கொடுக்கிறவர்கள் "அதையும் கொடுத்து இதையும் எப்படி" என்பார்கள். கொடுப்பதை நிறுத்தாதீர்கள், கை திறந்திருந்தால்தான் சேர்ப்பது பேராசையாக மாறாது. ஆனால் வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடுவதை நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சபையில் நடக்கிற அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை 5,000 ரூபாய்க்குக் கேட்டுவிட்டு மறுநாள் தண்டல்காரரிடம் நிற்பது ஆண்டவருக்கு மகிமை இல்லை.

கவாத்து

கவாத்து என்றால் புதுத் துளிருக்காகச் செடியை வெட்டிவிடுவது. வேலையை மாற்றுவது பற்றி எனக்குப் பாடம் கிடைத்தது ஏற்காட்டில். என் மனைவியின் அண்ணன் அங்கே மூன்று ஏக்கர் காபி வைத்திருக்கிறார். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் சேர்வராயன் மலைக்கு வந்த பயிர் அது, இருநூறு வருடத்தில் எத்தனையோ விலை ஏற்ற இறக்கம், நோய், பூச்சி பார்த்துவிட்டது. 2000-க்கு அப்புறம் உலகச் சந்தையில் காபி விலை தரைதட்டிய இரண்டு மூன்று வருடங்களில் மலையில் பலர் தோட்டத்தை விற்றார்கள். மச்சான் தப்பித்தது மிளகால். நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏற்றியிருந்தார். "ஏழுபேருக்கும் எட்டுப்பேருக்கும் பங்கிட்டுக்கொடு, பூமியின்மேல் என்ன ஆபத்து நேரிடுமோ உனக்குத் தெரியாது" என்று பிரசங்கி 11-இல் இருப்பதை அவர் மரத்தில் எழுதி வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

நான் சொல்ல வந்தது அது இல்லை. ஒரு ஜனவரியில், பழம் பறித்து முடிந்த சமயம், கொண்டை ஊசி வளைவுகள் இருபதும் ஏறி அங்கே போனேன். மச்சான் முப்பது வருடத்துச் செடியை ஓரடி உயரத்தில், மழைத் தண்ணீர் நிற்காதபடி சாய்வாக, ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்த வாயில் பூஞ்சாணம் பிடிக்காமலிருக்க போர்டோ பசையைத் தூரிகையால் தடவினார், நீல நிறம், வாசலில் கோலம் போடுகிற நிதானத்தோடு தடவினார். பச்சையாக இலை இருக்கிற செடி. எனக்கு வயிறு பிசைந்தது.

"என்ன மச்சான், இன்னும் காய்க்கிற செடியைப் போய் அறுக்கறீங்க?"

"காய்க்குது மாப்ள, ஆனா வருஷா வருஷம் குறையுது. இதுவா சாகற வரைக்கும் பார்த்துட்டு இருந்தா, அன்னிக்கு என் கையிலயும் தெம்பு இருக்காது."

சுற்றிப் பார்த்தேன். தோட்டத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் அறுத்திருந்தார். மிச்சம் இரண்டு பங்கு அப்படியே நின்றது. அறுத்த கட்டையிலிருந்து துளிர் நிறைய வெடிக்கும், அதில் நல்லதாக ஒன்றோ இரண்டோ விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். கிள்ளாமல் எல்லாவற்றையும் விட்டால் புதராகும், காய் வராது. விட்ட துளிர் பலனுக்கு வர இரண்டு மூன்று வருடம். அந்த வருடங்களில் சாப்பாடு போடுவது மிச்சம் இருக்கிற இரண்டு பங்கு. அடுத்த பங்கை அறுப்பது முதல் பங்கு துளிர்த்த பிறகு.

தொழிலை மாற்ற நினைக்கிறவர்கள் செய்கிற இரண்டு தப்பும் இதில் அடங்கிவிடுகிறது. ஒன்று, கடைசிச் செடி காய்வது வரை காத்திருப்பது. இன்னொன்று, சபையில் யாரோ சொன்ன சாட்சியைக் கேட்டுவிட்டு அல்லது யூடியூபில் ஒன்றைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமையே வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு முழுத் தோட்டத்தையும் அறுப்பது. விசுவாசத்தில் அடியெடுத்து வைத்தேன் என்பார்கள். ஊரை விட்டுப் புறப்படச் சொல்லி ஆபிரகாமுக்கு வந்தது மாதிரி அழைப்பு உங்களுக்கு வந்திருந்தால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், ஆனால் அப்படி வந்ததா என்று மனைவியிடமும் உங்கள் ஆயரிடமும் உங்களைப் புகழாத ஒரு நண்பரிடமும் கேட்டுவிடுங்கள்.

என் பட்டறையில் நான்கு பேர் வேலை செய்கிறோம். சங்கிலி பின்னுவது முன்பு கை வேலை, இப்போது மிஷின் சங்கிலி வந்துவிட்டது, அதோடு போட்டி போட முடியாது. 2022-இல் ஒரு ஆள் உட்கார்ந்து வேலை செய்கிற பலகை ஒன்றை மட்டும் ஒதுக்கி, பழைய கொலுசைப் பழுது பார்த்து மெருகு போடுவது, அறுந்த சலங்கையை மாற்றுவது, குழந்தைகளுக்கு அளவெடுத்துச் செய்வது என்று ஆரம்பித்தேன். முதல் ஏழெட்டு மாதம் அந்தப் பலகை தன் செலவுக்குக்கூடச் சம்பாதிக்கவில்லை. மற்ற மூன்று பலகையும் அதைச் சுமந்தன. வெள்ளி விலை ஏறிய பிறகு புதுசு வாங்க முடியாதவர்கள் பீரோவில் கிடந்த அம்மாவின் கொலுசை எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். இப்போது இரண்டு பலகை அதற்கு. விலை ஏறும் என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கவில்லை. பலகை அங்கே தயாராக இருந்தது, அவ்வளவே.

ஆகவே நோட்டின் மூன்றாம் பக்கத்தில் எழுதுங்கள்: என் வேலையில் மூன்றில் ஒரு பங்கு எது, அதை அறுத்தால் அந்த இடத்தில் எந்த ஒரு துளிரை விடப்போகிறேன். ஒன்றுதான். ஐந்து யோசனை வந்தால் நான்கைக் கிள்ளிவிடுங்கள், மனசு வலிக்கும்.

சம்பளத்துக்குப் போகிறவர்களுக்கு அறுக்கப் பலகை கிடையாது, நேரம்தான் இருக்கிறது. பெங்களூரில் ஐடியில் இருக்கிற என் தம்பி மகன் போன வருடம் "பெரியப்பா, எங்க டீம்ல பாதி வேலையை ஏஐ செஞ்சுடுது, எனக்கு ராத்திரி தூக்கம் வரல" என்றான். அவனுக்கு அப்போஸ்தலர் 18-ஐக் காட்டினேன். ஆக்கில்லா, பிரிஸ்கில்லா என்ற யூதத் தம்பதியை கிலவுதியு ராயன் உத்தரவு ரோமாபுரியை விட்டே துரத்தியது. கொரிந்துக்கு வந்தார்கள், கூடாரம் தைத்தார்கள், பவுலும் அவர்களோடு உட்கார்ந்து தைத்தார். அப்புறம் எபேசுவுக்குப் போனார்கள். ஊர் போனாலும் ஊசி போகவில்லை. உன் கம்பெனிக்கு வெளியே, உன் பெயரில், எந்த ஊருக்கும் தூக்கிக்கொண்டு போகக்கூடிய வேலை எது என்று யோசி, வாரத்தில் நான்கு மணி நேரம் அதற்கு என்றேன். அந்த ஏஐயையே மற்றவர்களைவிட நன்றாகக் கையாளக் கற்றுக்கொள்வதும் அதில் சேரும். ஞாயிற்றுக்கிழமையை மட்டும் அதற்கு எடுக்காதே என்றும் சொன்னேன். ஓய்வுநாளை விட்டுக்கொடுத்து எதிர்காலத்தை வாங்குகிறவன் ஆறாம் நாள் மன்னாவை மறந்துவிட்டான்.

காப்பீடு பற்றிச் சுருக்கமாக. பேங்க் கணக்கு இருந்தால் வருடம் 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடு, 70 வயது வரை. வருடம் 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடு, 50 வயதுக்குள் சேர வேண்டும். இரண்டுக்கும் மே மாதக் கடைசியில் கணக்கில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் பிடிப்பார்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுக்காதவர்கள் கலெக்டர் ஆபீஸில் எடுத்துவிடுங்கள். வெள்ளி வேலை செய்கிறவர்களுக்கு பொற்கொல்லர் நல வாரியம் இருக்கிறது, பதிவு செய்தால் பிள்ளைகள் படிப்புக்கும் அறுபதுக்கு மேல் ஓய்வூதியத்துக்கும் வழி உண்டு. தொழிலுக்கு மானியக் கடன் வேண்டுமென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். இதெல்லாம் எடுப்பது அவிசுவாசம் என்று சொல்கிறவர்களோடு நான் வாதம் பண்ணுவதில்லை, ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

நோட்டில் இன்னொரு பக்கம் மற்றவர்களுக்கு. இதை விட்டுவிட்டால் மொத்த வேலையும் லூக்கா 12-இல் தனக்கென்று மட்டும் சேர்த்து வைத்த அந்த ஐசுவரியவானின் களஞ்சியமாகிவிடும். அகபு என்ற தீர்க்கதரிசி அந்தியோகியாவுக்கு வந்து பெரிய பஞ்சம் வரப்போகிறது என்றார். அந்தச் சபை உடனே என்ன செய்தது? தங்கள் வீட்டில் அரிசி மூட்டை அடுக்கியதாக எழுதியிருக்கவில்லை. அவரவர் திராணிக்குத் தக்கதாக யூதேயாவில் இருக்கிற சகோதரருக்குப் பணம் சேகரித்து அனுப்பினார்கள். பஞ்சம் வருமுன்னே கொடுத்தார்கள். எங்கள் தெருவில் ஐந்து குடும்பம் சேர்ந்து, எல்லோரும் நம் சபை இல்லை, மாதம் ஆளுக்கு 200 ரூபாய் ஒரு டப்பாவில் போடுகிறோம். வட்டி கிடையாது. ஆஸ்பத்திரி, சாவு, பள்ளிக்கூடக் கட்டணம் இந்த மூன்றுக்கு மட்டும். ஊரடங்கில் அந்த டப்பா இல்லை, அதனால் யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றே ஒருவருக்கொருவர் தெரியவில்லை. இப்போது தெரியும். வேறு ஊரிலிருந்து வந்து பட்டறைகளில் வேலை செய்கிற பையன்களையும் அந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அவர்களுக்கு இங்கே யாரும் கிடையாது.

பத்திரமும் சாவியும்

கடைசியாகக் காகிதங்கள். யாரும் பேச விரும்பாத பகுதி இது.

நம்மவர்கள் நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று, கிறிஸ்தவர்கள் சொத்துக்கு 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம். உயில் எழுதாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்குச் சமமாக, மகன் மகள் வித்தியாசம் இல்லை. வீடு முழுதும் மனைவிக்கு என்று நீங்கள் நினைத்திருந்தால் அதை எழுதித்தான் வைக்க வேண்டும். உயிலை வெள்ளைத் தாளிலேயே எழுதலாம், பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் பதிவு செய்தால் பின்னால் சண்டை குறையும். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், அவர்களும் போட வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவருக்கோ அவருடைய கணவன் மனைவிக்கோ அந்த உயிலில் எதையும் எழுதாதீர்கள், எழுதினால் அந்தப் பங்கு செல்லாது. ஒரே மகன்தானே என்று அவனையே சாட்சி போட வைத்து, அவனுக்கு எழுதியதே செல்லாமல் போன கதை உண்டு. பேங்க் கணக்கில் நாமினி போட்டாச்சே என்று விட்டுவிட வேண்டாம், நாமினி பணத்தை வாங்குகிறவர், அவரே சொந்தக்காரர் ஆகிவிடுவதில்லை.

எரேமியா 32-ஐ எடுத்துப் பாருங்கள். பாபிலோன் சேனை எருசலேமை வளைத்து நிற்கிறது, எரேமியா காவல் வீட்டு முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஆனதோத்தில் ஒரு நிலம் வாங்குகிறார், பதினேழு சேக்கல் வெள்ளிக்கு. வெள்ளி வேலை செய்கிறவன் என்பதால் அந்த எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏறத்தாழ 190 கிராம் வரும், மூன்று ஜோடிக் கொலுசு. தராசில் நிறுத்துக் கொடுக்கிறார், சாட்சிகள் கையெழுத்துப் போடுகிறார்கள், முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பிரதி ஒன்று, இரண்டையும் மண்பாண்டத்தில் போட்டு வைக்கச் சொல்கிறார், நெடுநாள் இருக்கும்படி. ஊரே விழப்போகிறது என்று அறிவித்த அதே வாய், அதே ஊர் நிலத்துக்குப் பத்திரம் ஒழுங்காக இருக்கிறதா என்றும் பார்த்தது.

நம்முடைய மண்பாண்டம் ஒரு தகர டிரங்குப் பெட்டி. உள்ளே பிளாஸ்டிக் உறையில் கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, ஞானஸ்நானச் சான்று, திருமணச் சான்று, காப்பீட்டுக் காகிதம், உயில், அப்புறம் இந்த நாற்பது பக்க நோட்டு. எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் ஒரு செட் ஏற்காட்டில் மச்சான் வீட்டில். அங்கே பனியில் காகிதம் நமுத்துப் போகும், அதனால் உறைக்குள் கொஞ்சம் அரிசி முடிந்து போட்டிருக்கிறார். எங்கள் பெட்டிச் சாவி சமையலறையில் மேல் தட்டில், வெல்ல டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. போன வாரம் மகளைக் கூப்பிட்டு, ஸ்டூலில் ஏற வைத்து, அவள் கையாலேயே எடுத்துத் திறக்கச் சொன்னேன். பூட்டு கொஞ்சம் இறுகியிருக்கிறது, எண்ணெய் விட வேண்டும்.